பாறைத்தோரணம் வரை ஒரு பகல் நடை: வேலூர்ப் பக்கத்து மொட்டைமலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பழைய வட ஆற்காட்டின் பாறைமலைகள் பெரிய உயரம் இல்லை. அடிவாரத்திலிருந்து 150 முதல் 300 மீட்டர் ஏறினாலே பலவற்றின் தலைக்குப் போய்விடலாம். ஆனால் நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, வெயில் ஏறிவிட்டால் பாறையே அடுப்பாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் ஏற முடியாமல் திணறுவது குறைவு. தண்ணீர் தீர்ந்தோ, திரும்பும் நேரத்தைத் தவறவிட்டோ, ஆட்டுத்தடத்தை வழி என்று நம்பியோ மாட்டிக்கொள்வதுதான் அதிகம். மூன்றுமே வீட்டிலிருந்து கிளம்புமுன் சரிசெய்ய வேண்டியவை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, மலையில் கால் வைப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

1. எந்த மாதிரித் தோரணத்தைத் தேடுகிறோம்

பாறைத்தோரணம் என்பது நடுவில் ஓட்டை விட்டு வளைவுபோல நிற்கும் பாறை. பாலைவனப் படங்களில் வரும் பெரிய வளைவுகள் பெரும்பாலும் மணற்பாறையில் உருவானவை. அமெரிக்காவின் யூட்டாவில் அப்படி 2000-க்கும் மேல் இருக்கின்றன. திருமலையில் உள்ள சிலாதோரணம் குவார்ட்சைட் பாறை. அகலம் சுமார் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். வேலூரைச் சுற்றி இருப்பது கருங்கல். இங்கே வெடிப்புகளில் மழைநீர் இறங்கிப் பாறையை உதிர்க்கிறது. உதிர்ந்த மண்ணை மழை அடித்துப் போக, நடுவில் இருந்த கெட்டியான உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுவிடுகின்றன. இரண்டு குண்டுக்கு மேல் மூன்றாவது குறுக்கே கிடந்து, நடுவில் வானம் தெரிந்தால் அதுதான் நம் பக்கத்துத் தோரணம்.

இதைத் தெரிந்துகொள்வதில் இரண்டு பலன் உண்டு. ஒன்று, இந்த ஓட்டை ஏதாவது ஒரு திசையிலிருந்து மட்டுமே தெரியும். பக்கத்திலேயே போனாலும் வெறும் குண்டுக்கல்லாகத் தோன்றும். இன்னொன்று, மேலே கிடக்கும் கல்லை எதுவும் ஒட்டிவைக்கவில்லை. அது தன் எடையால் மட்டுமே நிற்கிறது.

2. முதல் நாள் மாலை தூரத்திலிருந்து பாருங்கள்

செயற்கைக்கோள் படத்தில் தோரணம் தெரியாது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பாறைதான். மாலை 4 மணிக்கு மேல், வெயில் சாய்ந்திருக்கும்போது, மலைக்கு எதிரே உள்ள ஏரிக்கரையில் நின்று பாருங்கள். சாய்வெளிச்சத்தில் ஒவ்வொரு குண்டும் தனித்தனியாக நிழல் விழுந்து பிரிந்து தெரியும். ஓட்டை வழியாக வானம் தெரிகிறதா என்று கரைமேல் நூறு இருநூறு மீட்டர் நடந்தபடியே பார்க்க வேண்டும்.

தெரிந்ததும் இரண்டு படம் எடுங்கள். ஒன்று, மலை முழுவதும் அடங்கும்படி. இன்னொன்று, தோரணத்தைச் சுற்றியுள்ள அடையாளங்களோடு: மழைநீர் வழிந்த கறுப்புக் கோடு, தனியாக நிற்கும் மரம், பிளந்த குண்டு. மறுநாள் உங்களுக்கு உண்மையான வரைபடம் இந்தப் படங்கள்தான். மலைமேல் போய்விட்டால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கி ஒட்டியிருக்கும் பக்கம் செங்குத்துப் பாறை. அந்தப் பக்கம் ஏறும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

3. மாதம், கிழமை

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் சரியான காலம். மார்ச் பிறந்தால் காலை 10 மணிக்கே பாறை சுட ஆரம்பிக்கும். மே மாதத்தில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த மாதங்களில் இந்த நடை வேண்டாம். ‘சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வந்துவிடலாம்’ என்ற கணக்கும் பலிக்காது. கோடையில் முந்தின நாள் வாங்கிய சூட்டைப் பாறை இரவு வெகுநேரம் வரை விடுவதில்லை.

மழை பெய்து இரண்டு நாளாவது காயவிட்டுப் போங்கள். காரணம் 8-ஆம் பகுதியில் இருக்கிறது.

அமைதி வேண்டுமென்றால் நாள்காட்டியைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் கோயில் இல்லாத மலை குறைவு. கிருத்திகை, பௌர்ணமி, செவ்வாய், ஞாயிறு, கார்த்திகை தீபம், காணும் பொங்கல் ஆகிய நாட்களில் மலையடிவாரம் திருவிழாவாகத்தான் இருக்கும். புதன் அல்லது வியாழன் நல்லது.

4. அனுமதி

மலை யாருடையது என்று தெரியாமல் ஏறக்கூடாது. காப்புக்காடாக இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். அதன்பின் தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. தீ அபாயம் உள்ள மாதங்களில் அனுமதி நிறுத்தப்பட்டால் வாதாட வேண்டாம். காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ, காற்றோடு சேர்ந்து மேல்நோக்கி ஓடும். ஏறுகிற மனிதனால் அதை முந்த முடியாது.

கோயில் மலையானால் கோயிலில் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்தில் கல்குவாரி இருந்தால் எத்தனை மணிக்கு வெடி வைக்கிறார்கள் என்று அங்கேயே கேட்க வேண்டும்.

குடியாத்தம், பேரணாம்பட்டுக்கு மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டிய காடுகளை இந்த நடைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் பக்கம் கௌண்டின்யா சரணாலயம். யானைகள் எல்லை தாண்டி வருகிற இடம்.

5. வழி கேட்பதற்கும் முறை இருக்கிறது

அடிவாரத்து டீக்கடையில் ‘மேலே போக வழி இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு இருக்கிறது, உங்களுக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆடு மேய்க்கிறவரைத் தேடிப் பிடித்து, உட்கார்ந்து, இப்படிக் கேளுங்கள்:

‘தாத்தா, ஆடு எது வரிக்கும் ஏறும்? எங்க திரும்பும்?’
‘சுனையில இப்போ தண்ணி நிக்குதா?’
‘தேன்கூடு எந்தப் பாறையில கட்டியிருக்கு?’
‘கரடி எறங்குற பக்கம் எது?’

இந்த நான்கு கேள்விக்கும் கிடைக்கும் பதில் எந்த வரைபடத்திலும் இருக்காது. முதல் கேள்வி மிக முக்கியம். ஆட்டுத்தடம் பார்க்க ஒற்றையடிப் பாதை போலவே இருக்கும். ஆனால் தழை தீர்ந்த இடத்தில் அதுவும் தீர்ந்துவிடும். அங்கிருந்து ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று புதருக்குள் புகுகிறவர்கள்தான் வழி தொலைக்கிறார்கள்.

அவர் ‘அரை மணி நேரம்’ என்றால் நீங்கள் ஒரு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட வர அவர் சம்மதித்தால் ஒரு நாள் கூலியை முன்பே பேசிக் கொடுத்துவிட வேண்டும்.

6. தண்ணீர், சாப்பாடு, பை

ஆளுக்கு 4 லிட்டர். குளிர்காலத்திலும் இந்தக் கணக்குதான். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வீதம் ஐந்து மணி நேரத்துக்கு மூன்றேமுக்கால் லிட்டர் வரை போகும், மிச்சம் அவசரத்துக்கு. 4 லிட்டர் என்பது 4 கிலோ எடை. பாரம் என்று ஒரு லிட்டரைக் குறைக்கிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. கடைசியில் அடுத்தவர் பாட்டிலைக் கேட்பதும் அவர்கள்தான்.

ஒரே பெரிய கேனாக வேண்டாம். 1 லிட்டர் பாட்டில் நான்கு. ஒன்று கைதவறி உருண்டாலும் மூன்று மிஞ்சும், எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியும். இரண்டாவது பாட்டில் முடிந்த இடத்திலிருந்து மேலே போகக்கூடாது. பாதித் தண்ணீர் இறக்கத்துக்கு. சுனைத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோயில் சுனையே கோடையில் பாசி பிடித்துக் கிடக்கும். மலைமேல் குழியில் நிற்பதில் குரங்கும் ஆடும் வாய் வைத்திருக்கும்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வரும். 1 லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டு ஒரு பாட்டிலில் கரைத்து வையுங்கள். அளவைக் கூட்டக் கூடாது. மருந்துக்கடை உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், மதியம் வரை கெடாது. தயிர்சாதம் வெயிலில் புளித்துப் பொங்கிவிடும். கூட வேர்க்கடலை, பேரீச்சம்பழம், இரண்டு வெள்ளரிக்காய். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கும். பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே பின்னால் வரும்; எல்லாம் துணிப்பைக்குள் டப்பாவில் இருக்கட்டும்.

உடை: முழுக்கைப் பருத்திச் சட்டை, தடித்த முழுக்கால் பேன்ட். சூரைமுள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். மெல்லிய துணியைக் கிழிக்காமல் விடாது. அடியில் வேலிக்காத்தானும், நடுவில் காரையும் சூரையும், மேலே ஊசிப்புல்லும் என்று முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. கணுக்கால் மூடிய, அடிப்பக்கம் ரப்பர் மிருதுவான ஷூ வேண்டும். புது ஷூவை அன்றைக்குத்தான் முதலில் போடுவது பெரிய தவறு. நடக்கும் முன் அடியைப் பார்த்துத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கட்டடவேலைக் கனத்த பூட்ஸ் பாறையில் பிடிக்காது.

தலைக்கு ஒரு பருத்தித் துண்டு. வெயிலுக்கு, நனைத்துக் கழுத்தில் போட, கட்டுப்போட, தேனீ வந்தால் முகத்தை மூட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். நெஞ்சுயரத்துக்கு ஒரு மூங்கில் தடி, முள் எடுக்க இடுக்கி, அகலமான சுற்றுக்கட்டுத் துணி இரண்டு, தலையில் மாட்டும் டார்ச், விசில். வாசனைத் திரவியமும் பூசிய எண்ணெயும் அன்றைக்கு வேண்டாம், தேனீயை எரிச்சல்படுத்தும்.

7. நேரக் கணக்கும் ஆட்களும்

முள்ளும் கல்லும் கலந்த மலையில் 1 கிலோமீட்டருக்கு 30 நிமிடம். அதன்மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 15 நிமிடம் கூட்டுங்கள். 3 கிலோமீட்டர் தூரம், 250 மீட்டர் ஏற்றம் என்றால் 90 நிமிடமும் 38 நிமிடமும் சேர்த்து இரண்டு மணி பத்து நிமிடம் ஆகும். இறங்கவும் அதே நேரம் பிடிக்கும் என்றே வையுங்கள். புதியவர்களுக்குப் பாறையில் இறக்கம் ஏற்றத்தைவிட வேகமாக இருப்பதில்லை.

டிசம்பரில் இங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய காலை 6.30 ஆகும். 6.15-க்கு அடிவாரத்தில் நில்லுங்கள். வெளிச்சம் வந்ததும் நடை. திரும்பும் மணியை 9.30 என்று முதல் நாளே எழுதி வையுங்கள். தோரணம் கண்ணுக்கெதிரே ஐம்பதடியில் இருந்தாலும் 9.30 ஆனால் திரும்பிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அந்த ஐம்பதடிக்குத்தான் பல நேரம் முக்கால் மணி நேரம் ஆகும்.

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அவரோடு இருக்க, இருவர் ஒன்றாக இறங்கி உதவி கொண்டுவரலாம். இரண்டு பேராகப் போகாதீர்கள். ஆறுக்கு மேல் போனால் அமைதி போய்விடும். கிளம்பும்முன் வீட்டில் ஒருவரிடம் மலையின் பெயர், ஏறும் பக்கம், ‘மதியம் 12.30-க்குள் போன் வராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்’ என்பதை எழுதியே கொடுங்கள். மலைக்குப் பின்பக்கம் சிக்னல் இருக்காது. சிக்னல் தேடித் தேடியே போன் சார்ஜ் தீர்ந்துவிடும். நடக்கும்போது விமானப் பயன்முறையில் வையுங்கள்.

8. ஏற்றமும் பாறையில் கால் வைக்கும் முறையும்

வழி இரண்டு இருந்தால் மேற்கு அல்லது வடமேற்குச் சரிவைத் தேர்ந்தெடுங்கள். காலையில் மலையின் நிழலே அந்தப் பக்கம் விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடபக்கம் இன்னும் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருக்கும்.

முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். தடம் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, திரும்பிப் பார்த்து, வந்த வழியைப் படம் எடுங்கள். ஏறும்போது பார்த்த வழியும் இறங்கும்போது தெரியும் வழியும் ஒன்றாக இருக்காது. அடையாளத்துக்கு மூன்று சிறு கல்லை அடுக்கினால் போதும், திரும்பும்போது கலைத்துவிடுங்கள். சுண்ணாம்பு அம்புக்குறியும் பிளாஸ்டிக் நாடாவும் வேண்டவே வேண்டாம். பின்னால் வருகிறவர் அதை நம்பி எங்கேயாவது போவார்.

வழுக்குப்பாறையில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றே: பயத்தில் பாறையோடு சாய்ந்து, கையை ஊன்றி, நுனிக்காலில் ஏறுவது. சாய்ந்தால் எடை பாதத்தை விட்டு விலகும், ஷூ வழுக்கும். நிமிர்ந்து நின்று, முழுப் பாதமும் பாறையில் படும்படி, சிறு எட்டாக வையுங்கள். பயம் இருந்தால் நேராக ஏறாமல் குறுக்காக வளைந்து வளைந்து போகலாம்.

இவற்றைக் கண்டால் நில்லுங்கள்:

கறுப்புக் கோடு. மழைநீர் வழியும் தடத்தில் நுண்பாசி படர்ந்திருக்கும். காய்ந்திருந்தால் நடக்கலாம், நனைந்திருந்தால் எண்ணெய் தடவியது போலத்தான். மழைக்குப் பின் இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னது இதற்காக. பனி கொட்டிய மார்கழிக் காலையிலும் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பொடிச் சரளை. பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் மணல், கேழ்வரகு கொட்டிய தரை மாதிரி காலை இழுத்துப் போகும். காலால் தள்ளிவிட்டு வையுங்கள், கீழே ஆள் இல்லை என்று பார்த்த பிறகு.

தகடு. கருங்கல் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பெயரும். தடியால் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் சரி. ‘டொப்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு இல்லை, அதில் ஏறக்கூடாது.

கையூன்றி ஏற வேண்டிய இடம் வந்தால் ஒரு விதி: இறங்க முடியும் என்று தெரியாத இடத்தில் ஏறக்கூடாது. இரண்டடி ஏறி, உடனே இரண்டடி இறங்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் வேறு வழி பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் கை வைக்காதீர்கள். சுருட்டை விரியன் இந்த மாதிரிக் காய்ந்த கல்மலையில் கல்லிடுக்கில்தான் கிடக்கும். பாறை நிறத்திலேயே இருக்கும். முதலில் தடி, பிறகு கண், அப்புறம் கை.

9. தோரணத்தை நெருங்கும்போது

இருபது முப்பது மீட்டருக்கு முன்பே நின்று, மேல்கல்லின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மலைத்தேனீ பாறையின் தொங்குமுகத்தில்தான் கூடு கட்டும். ஒரே அடையாக, முறம் போலத் தொங்கும். கூடு இருந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. படம் எடுக்கக்கூட நெருங்க வேண்டாம். கத்தல், புகை, கல்லெறி, மூன்றில் எது நடந்தாலும் கூட்டமாகக் கிளம்பும், வெகுதூரம் துரத்தும். துரத்தினால் துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, நிற்காமல் அடர்ந்த புதர்ப்பக்கம் விலகுங்கள். கையை வீசி அடிக்காதீர்கள்.

கரடி விஷயம் இதற்கு நேர்மாறு. அது பகலில் குண்டுகளுக்கு இடையிலுள்ள பொந்தில் படுத்திருக்கும். சத்தமில்லாமல் போய் வாசலில் நின்றால் திடுக்கிட்டுப் பாயும். அதனால் முழு மௌனமும் கூடாது. கூடு இல்லை என்று உறுதியானபின், இருண்ட பொந்துகள் உள்ள பக்கம் போகும்போது தடியால் பாறையில் தட்டிக்கொண்டு, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போங்கள். நாற்றம், புதிய சாணம், தோண்டிய கரையான் புற்று தெரிந்தால் வந்த வழியே விலகிவிடுங்கள்.

மேல்கல்லில் ஏறாதீர்கள். யூட்டாவின் லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991-இல் சுமார் 18 மீட்டர் நீளப் பலகைக்கல் உதிர்ந்தது. அருகிலேயே இன்னொரு வளைவு 2008 ஆகஸ்டில் முழுதாக விழுந்தது. நம் கருங்கல் அவ்வளவு எளிதில் உதிராது. ஆனால் சமன் குலைந்தால் பெயர்ந்துவிடும். அடியில் முட்டுக்கொடுத்த சின்னக் கல்லை உட்கார இழுத்துப்போடுகிறவர்கள் உண்டு. அதைத் தொடாதீர்கள். நிழலில் உட்காரப் பக்கத்துக் குண்டின் நிழலே போதும்.

குகைச் சுவரில் பழைய வண்ணம், கல்வெட்டு, சமணர் படுக்கை இருந்தால் தண்ணீர் தெளிக்கவோ சாக்பீஸ் தேய்க்கவோ கூடாது. படத்தில் தெளிவாகத் தெரியும் என்று செய்கிறார்கள், அதிலேயே அழிகிறது. மலையாம்பட்டு அர்மாமலைக் குகை ஓவியங்களில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

இங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டாவது பாட்டிலை முடிக்கலாம். இடிமேகம் கூடினால் உடனே கிளம்புங்கள். தோரணம் மழைக்கு ஒதுங்கும் இடம்போலத் தெரியும். ஆனால் உச்சிப்பாறையில் விழும் மின்னல் கல்லிடுக்கு வழியாகவே இறங்கும்.

10. ஏதாவது நேர்ந்தால்

பாம்புக்கடி: உட்காரவையுங்கள், நடக்கவிடாதீர்கள். மோதிரம், மெட்டி, வளையல், கால்கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள்; வீங்கினால் இறுக்கும். கடிபட்ட காலைத் தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை, எதுவும் வேண்டாம். 108-க்குச் சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பது ஒன்றே கணக்கு.

வெயில் தாக்கம்: தலைசுற்றல், குமட்டல் என்றால் நிழல், உப்புக்கரைசல், ஓய்வு. பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் அது வேறு கட்டம். குடிக்கக் கொடுக்காமல், இருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றித் துண்டால் விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள்.

11. இறக்கம்

வந்த வழியே இறங்குங்கள். கீழே ஊரும் ஏரியும் கண்ணுக்கு நேராகத் தெரிவதால் ‘இப்படியே இறங்கிவிடலாம்’ என்று தோன்றும். மேலிருந்து பார்க்கும்போது செங்குத்து விளிம்பு மறைந்திருக்கும். அதன் தலைக்குப் போன பிறகுதான் தெரியும். அப்போது திரும்ப ஏறத் தண்ணீரும் இருக்காது, வெயிலும் விடாது.

முழங்காலை லேசாக மடக்கி, குறுக்காக வளைந்து வளைந்து இறங்குங்கள். மேலே இருப்பவர் கல்லைத் தட்டிவிட்டால் ‘கல்லு!’ என்று கத்த வேண்டும், யாருடைய தவறு என்று யோசிக்கக்கூடாது. ஒருவருக்குக் கீழே ஒருவர் நேர்கோட்டில் வராமல் பக்கவாட்டில் விலகி வாருங்கள். களைத்த காலோடு கடைசி 50 மீட்டரில்தான் கணுக்கால் பிசகும். அடிவாரம் தெரிந்ததும் வேகம் எடுக்காதீர்கள்.

அடிவாரத்தில் ஆட்களை எண்ணுங்கள். வீட்டுக்குப் போன் செய்யுங்கள். பிறகு காலையில் வழி சொன்னவரிடமும் டீக்கடையிலும் ‘எறங்கிட்டோம்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் வண்டியெடுத்துவிட்டால், பொழுது சாயும் நேரத்தில் அந்த ஊர்க்காரர்கள் உங்களைத் தேடி டார்ச்சோடு மலையேறுவார்கள்.